விட்ட இடத்தில் தொடர்வது

நூலொன்றைப் படித்துக்கொண்டிருக்கையில் எவரேனும் அழைத்தால் நாம் என்ன செய்கிறோம்? பக்கத்தின் மூலையை மடிக்கிறோம். இளமையில் மயிலிறகை வைத்தோம். விட்ட இடம் தவறிப் போகலாகாது என்பதே நம் கவலை. இக்கவலைக்கு ஈராயிரம் ஆண்டு வரலாறு உண்டு.

பண்டை எகிப்தியரும் கிரேக்கரும் ரோமானியரும் நாணற்றாளைச் சுருளாகச் சுற்றி வைத்துப் படித்தனர். ஒரு கையால் விரித்து மறு கையால் சுருட்ட வேண்டும். நடுவே ஒரு வரியைத் தேடுவது பெரும்பாடு. ஏடுகளை அடுக்கித் தைத்த நூல் கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டுகளில் தோன்றி, நான்காம் நூற்றாண்டளவில் சுருளை விஞ்சிவிட்டது. வேண்டிய இடத்தை எளிதில் எட்ட முடிந்தது அதன் சிறப்புகளுள் ஒன்று. நம் முன்னோரோ ஓலைகளுக்கு எண்ணிட்டுக் கயிற்றில் கோத்தனர்.

இங்கு ஒரு நுட்பத்தைக் கருத வேண்டும். இடத்தை இருவகையாகக் குறிக்கலாம்: ஒன்று அளவால், மற்றொன்று பெயரால். ‘மேலிருந்து பத்து விரற்கடை’ என்பது அளவு. ‘391ஆம் குறள்’ என்பது பெயர். எழுத்து பெரிதானால் அளவு பொய்த்துவிடும். ஆனால் பரிமேலழகர் வைப்புமுறையைத் தழுவிய எப்பதிப்பிலும் 391ஆம் குறள் கல்வி அதிகாரத்தின் முதற் குறளாகவே நிற்கும்.

இருபதாம் நூற்றாண்டில் கணிப்பொறி நம்மை மீண்டும் சுருளிடமே கொண்டு சேர்த்தது. திரை சிறிது, எழுத்தோ நெடிது. ஆகவே எழுத்தைத் திரைக்குள் மேலும் கீழுமாக உருட்டலாயினர். இதனையே ‘ஸ்க்ரோல்’ என்று இன்று எல்லோரும் வழங்குகின்றனர். அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் 1973இல் உருவான ஆல்ட்டோ கணிப்பொறியில், சாளரங்களும் உருட்டுப் பட்டையும் வளர்ச்சி பெற்றன. 1984இல் வெளிவந்த மெக்கின்டோஷ் அவற்றைப் பொதுமக்கள் கைக்குக் கொண்டுவந்தது.

ஜெனீவா அருகேயுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் முன்மொழிந்து, 1990இல் செயலாக்கிய உலகளாவிய வலை, பெயரின் வழியைத் தேர்ந்தது. பக்கத்தின் ஒரு பகுதிக்குப் பெயரிட்டு, முகவரியின் ஈற்றில் ‘#’ குறியுடன் அப்பெயரைச் சேர்த்தால், உலாவி நேரே அவ்விடத்தைக் காட்டும். இம்முறை இன்றளவும் வழக்கில் உள்ளது.

அளவின் வழி பின்னர் வந்தது. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை இயற்றினார். 1997இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் நான்காம் பதிப்பில் ‘ஸ்க்ரோல்டாப்’ என்னும் பண்பு இடம்பெற்றது. ஒரு பெட்டிக்குள் அடங்கிய எழுத்து, அதன் மேல் விளிம்புக்கு அப்பால் எத்தனை பிக்சல் மறைந்துள்ளது என்பதை அது சொல்லும். வேறோர் எண்ணை அதில் இட்டால் எழுத்து அவ்விடத்துக்கு நகரும். எழுத்தின் முழு உயரத்திலிருந்து பெட்டியில் தெரியும் உயரத்தைக் கழித்தால் கிடைப்பதே அவ்வெண்ணின் உச்ச வரம்பு. ‘ஸ்க்ரோல்இன்டூவியூ’ என்னும் கட்டளையோ அளவு கேளாது, குறித்த உறுப்பையே கண்முன் கொணரும்.

உலாவிகளுக்குள் ஒற்றுமை இல்லாதது நெடுநாள் தொல்லையாயிற்று. முழுப் பக்கத்தின் உருட்டு நிலையைச் சில ‘பாடி’ உறுப்பிலும் சில வேர் உறுப்பிலும் வைத்தன. நிரலாளர் இரண்டிலும் தேடினர். 2008இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு இதற்குரிய விதிகளின் முதல் வரைவை வெளியிட்டது. ஆயினும் குரோம் உலாவி வேர் உறுப்புக்கு மாறியது 2017இல்தான்.

இவையெல்லாம் வல்லுநர் விவகாரம், நமக்கென்ன என்று கருதலாகாது. பிற மாநிலங்களில் வாழும் நமக்கு ஊர்ச் செய்தி பெரும்பாலும் கைப்பேசித் திரையில்தான் வருகிறது. பாதிப் பத்தி படித்திருக்கையில், மேலே ஒரு விளம்பரம் தாமதமாக வந்து அமர்கிறது. படித்த வரி கீழே ஓடிவிடுகிறது. நாம் மயிலிறகு வைத்த பக்கத்தை வேறொருவர் புரட்டியது போன்றதே இது. 2017இல் குரோம் இதற்கொரு பரிகாரம் செய்தது: கண்ணில் படும் ஓர் உறுப்பை நங்கூரமாகக் கொண்டு, மேலே எத்தனை பிக்சல் கூடுகிறதோ அத்தனையையும் உருட்டு நிலையில் கூட்டிக்கொள்வது. 300இல் நிற்கையில் மேலே 500 சேர்ந்தால், நிலை 800 ஆகும். வாசகரின் வரி அசையாது.

இம்முறையை 2019இல் ஃபயர்ஃபாக்ஸும் மேற்கொண்டது. உரையாடல் பெட்டிக்கும் இத்தகைய மரியாதை வேண்டும். வாசகர் அடியில் இருந்தால் புதுச் செய்தியுடன் கீழே நகர்த்தலாம். பழஞ்செய்தி காண மேலே சென்றிருந்தால் அவரை இழுத்துவரலாகாது.

மொழிபெயர்ப்புத் துறையில் நாம் கண்டதும் இதுவே. மூலத்தையும் தமிழையும் அருகருகே வைத்து ஒரே அளவில் உருட்டினால், சில பத்திகளுக்குள் இரண்டும் பிரிந்துவிடும். ஏனெனில் வாக்கியங்களின் நீளம் வேறு. பத்திக்குப் பத்தி பெயரிட்டு இணைத்தால் மட்டுமே அவை உடன் நடக்கும்.

2006இல் ஏசா ராஸ்கின் முடிவற்ற உருட்டலை வகுத்தார். அடி என்பதே இல்லாமற் போயிற்று. எங்கே நிறுத்துவது என்பதை வாசகர் மறந்தார். அவரே பின்னாளில் அதற்காக வருந்தினார். 2020இலோ குரோம், பக்கத்திலுள்ள சொற்களையே முகவரியில் சேர்த்து அவ்வரியைச் சுட்டும் முறையைக் கொணர்ந்தது. பெயரிடாத இடத்துக்கும் அதன் சொற்களே பெயராயின.

ஆகவே இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றே. பக்கத்தை அமைப்பவர் அதனை நகர்த்த வல்லவர். எனினும் படிக்கும் இடம் படிப்பவருக்கே உரியது. அவர் கேட்டால் நகர்த்துக. கேளாதபோது அவ்விடத்தைக் காத்து நிற்க. விட்ட இடத்தில் தொடரும் வசதி சிறிதெனத் தோன்றலாம். அஃது இல்லாதபோதுதான் அதன் அருமை தெரிகிறது.