மூத்தம்மாவின் பெட்டகத்துக் கடதாசிகள்

கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே வீடு பெண்ணுக்குரியது. மகளுக்குச் சீதனமாக வீட்டைக் கொடுப்பது கல்முனைக் கரையோரத்தின் நீண்டகால வழமை. குடியும் தாய்வழியாகவே வரும். ஆகவே வீட்டுறுதியும் கடுத்தமும் கிதாபுகளும் பெண்களின் பெட்டகங்களிலேயே தங்கின. எமது ஊர்களின் சுவடிக்கூடம் மூத்தம்மாக்களின் பெட்டகமே என்றால் அது மிகையாகாது.

ராத்தாவின் மகள் சென்ற வருடம் சிறு கைத்தொழில் ஒன்றைத் தொடங்கினாள். கலியாண அழைப்பிதழ்கள், பரிசுப் பெட்டிகள், கொப்பி உறைகள் செய்கிறாள். பழங்கடதாசியின் சாயலே அவற்றின் கவர்ச்சி. அந்த எண்ணம் எங்கள் மூத்தம்மாவின் பெட்டகத்தைத் திறந்தபோது பிறந்தது. வாங்க வந்த ஒருவர், அசல் தாள்களையே வெட்டி ஒட்டித் தந்தால் இரட்டிப்பு விலை தருவதாகச் சொல்லிச் சென்றார். "வெட்டட்டுமா மாமா?" என்று கேட்டாள். இருவருமாகத் தாள்களை விரித்துப் பார்த்தோம்.

வீட்டுறுதியில் மூத்தம்மாவின் கையொப்பம் இல்லை. பெருவிரல் அடையாளமே இருந்தது. ஆனால் கிதாபு ஒன்றின் வெற்றுப் பக்கத்தில் பிள்ளைகள் பிறந்த நாட்களை அவரே அறபுத் தமிழில் எழுதி வைத்திருந்தார். தமிழ் எழுத்தை அறியாத எத்தனையோ பெண்கள், குர்ஆன் ஓதப் பழகிய எழுத்திலேயே தமிழை வாசித்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோரின் அறபுத் தமிழ் நூல்கள் இரு கரைகளிலும் ஓதப்பட்டன. உறுதியை மட்டும் பார்ப்பவருக்கு மூத்தம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். கிதாபின் அந்தப் பக்கம்தான் அவருக்குச் சாட்சி. அதை வெட்டியிருந்தால் அந்தச் சாட்சியும் போயிருக்கும்.

கடதாசி போனால் உரிமையும் போகும் என்பதை 2004 டிசம்பர் 26 எமக்குக் கற்பித்தது. கடல் வீடுகளோடு பெட்டகங்களையும் கொண்டுபோனது. பின்னர் கட்டிக் கொடுக்கப்பட்ட வீடுகள் பல, குடும்பத் தலைவர் என்ற பெயரில் ஆண்களுக்கே பதியப்பட்டன. பெண்வழிச் சொத்து ஒரே தலைமுறையில் கைமாறியது.

எஞ்சியவற்றைக் காக்கும் வழி உண்டு. இலங்கை மலாய்க் குடும்பங்களின் கையெழுத்துப் பிரதிகள் பிரித்தானிய நூலகத்தின் திட்டமொன்றில் படம்பிடிக்கப்பட்டன. 2005 இல் தொடங்கிய நூலகம் மின்னூலகமும் ஈழத்து முஸ்லிம்களின் நூல்களையும் இதழ்களையும் சேர்த்து வருகிறது. நாங்களும் ஒவ்வொரு தாளையும் படம்பிடித்தோம்.

அப்படியாயின் தொழிலுக்கு எந்தக் கடதாசி? அதற்கும் வரலாறே விடை தந்தது. எட்டாம் நூற்றாண்டில் சமர்கந்திலிருந்து பக்தாதுக்குச் சென்ற கடதாசிக்கலை கந்தல் துணியையே மூலப்பொருளாகக் கொண்டது. பக்தாதின் வர்ராக்குகள் கடதாசி விற்பவர்களாகவும் நூல்களைப் பிரதி செய்பவர்களாகவும் இருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரக்கூழ்க் கடதாசி பரவியது. அதிலுள்ள அமிலத்தால் அது பழுத்து நொறுங்கும். துணிக்கடதாசி அதனிலும் பன்மடங்கு நீடிக்கும். எமது மாகாணத்து வாழைச்சேனை ஆலை 1956 இல் வைக்கோலைக் கொண்டு கடதாசி செய்யத் தொடங்கியது. மூலப்பொருளுக்கு நாம் தூரம் போக வேண்டியதில்லை.

மருதமுனைத் தறிகளில் மிஞ்சும் பருத்தி நூலையும் துணித் துண்டுகளையும் மருமகள் வாங்கி வந்தாள். சிறிதாக நறுக்கி, ஊறவைத்து, இடித்துக் கூழாக்கி, வலைச் சட்டத்தில் அள்ளி, அழுத்தி, நிழலில் உலர்த்துகிறாள். தேயிலைச் சாயம் பழுப்பு நிறத்தைக் கொடுக்கிறது. மூத்தம்மாவின் எழுத்துகளைப் பார்த்து அதில் வரைகிறாள்.

அந்த வியாபாரி மீண்டும் வரவில்லை. விற்பனை மெதுவாகவே நடக்கிறது. அசல்கள் பெட்டகத்தில் இருக்கின்றன. பெட்டகம் மருமகளின் வீட்டில் இருக்கிறது. அந்த வீடு அவளுடைய பெயரிலேயே இருக்கிறது.