பிழை முகவரியின் விலை

பொதியின்மேல் கதவிலக்கம் தவறியிருந்தால், அமெரிக்காவின் பெரும் தனியார் பொதி நிறுவனங்கள் முகவரியைத் திருத்திக் கொண்டுசேர்த்து, அதற்கொரு கட்டணத்தை அனுப்பியவர் கணக்கில் எழுதிவிடுகின்றன. பிழை அவருடையது, செலவும் அவருடையது என்பது நமக்கு இயல்பாகவே படுகிறது. அந்நாட்டின் அஞ்சல் வரலாறோ வேறொரு மரபையும் காட்டுகிறது.

உரியவரைச் சேராத கடிதங்களுக்கென்று வாஷிங்டனில் 1825இல் ஓர் அலுவலகம் அமைந்தது. 'இறந்த கடிதங்களின் அலுவலகம்' என்பது அதன் பெயர். ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியோர் பெருகப் பெருக, ஊர்ப்பெயரைக் காதில் விழுந்தபடியே எழுதிய உறைகளும் அங்கே குவிந்தன. அவற்றைப் படித்தறிய எழுத்தர்கள் இருந்தனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேட்டி லைல் காலின்ஸ் என்னும் பெண்மணி இதில் பெரும்புகழ் பெற்றார். தெருக்களின் பெயர்களையும் ஊர்களின் வழக்குப் பெயர்களையும் நினைவில் கொண்டு, சிதைந்த சொல்லிலிருந்து சேருமிடத்தைக் கண்டறிந்தார். எழுதத் தெரியாதவரின் குறையை அரசு ஊதியம் பெற்ற ஓர் அறிவு ஈடுசெய்தது.

1963 ஜூலை 1 அன்று ஐந்திலக்க அஞ்சல் குறியீடு நடைமுறைக்கு வந்தது. பின்னாளில் உறைகளை இயந்திரங்கள் படிக்கலாயின. விரைவு கூடியது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வாசிப்பவர் சுமந்த பொறுப்பு மெல்ல எழுதுபவரின் தோளுக்கு மாறியது. திருத்தக் கட்டணம் அம்மாற்றத்தின் விலைச்சீட்டு. ஊருக்குப் புதியவரே அதை எளிதில் தரவேண்டியவராகிறார் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.