பெக்டரியும் லயமும்: மலையகத்தின் இரண்டு நூதனசாலைகள்

மலையகத்தில் தேயிலையின் கதையைச் சொல்லும் இரண்டு நூதனசாலைகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டுமே அதற்கென்று புதிதாகக் கட்டப்பட்டவை அல்ல. ஒன்று பழைய தேயிலை பெக்டரி, மற்றது தொழிலாளர் குடியிருந்த லயம். பழைய கட்டடமொன்றைக் காட்சிக்கூடமாக மாற்றும்போது எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற கேள்விக்கு இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

கண்டிக்கு அருகே ஹந்தானையில் இருக்கும் நான்கு மாடிப் பெக்டரி 1925இல் கட்டப்பட்டது. பல வருடங்கள் பூட்டிக் கிடந்த அதைத் தேயிலைச் சபையும் பெருந்தோட்டத் துறையினரும் சேர்ந்து புதுப்பித்து, 2001இல் இலங்கைத் தேயிலை நூதனசாலையாகத் திறந்தார்கள். பெக்டரியை நூதனசாலையாக்குவதில் ஒரு வசதி உண்டு. பாரமான இயந்திரங்களைத் தாங்குவதற்கென்றே எழுப்பிய கட்டடம் அது. அதனால் உருளை இயந்திரங்களும் உலர்த்திகளும் அந்நியமாகத் தெரிவதில்லை. மேல்மாடிகளில் வரிசையாக ஜன்னல்கள் இருப்பதும் அழகுக்காக அல்ல. கொழுந்தைப் பரப்பி வாட்டுவதற்குக் காற்று தேவைப்பட்டது. இதைத் தெரிந்துகொண்டால் கட்டடமே முதல் காட்சிப்பொருளாகிவிடுகிறது.

அதே ஜன்னல்கள் நூதனசாலைக்குத் தலையிடியும்கூட. பழைய கடதாசி, துணி போன்றவற்றின் மீது ஏறக்குறைய 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் படக்கூடாது என்பது நூதனசாலைகளின் பொது நடைமுறை. மலைநாட்டு ஈரமும் சேர்ந்தால் பூஞ்சணம் பிடிக்கும். இரும்பு தாங்கும், கடதாசி தாங்காது.

ஹந்தானையில் 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லருக்குத் தனி இடம் இருக்கிறது. அந்தக் கொழுந்தைப் பறித்தவர்களைத் தேடினால் கம்பளைப் பக்கம் போக வேண்டும். அங்கே பழைய பீகொக் தோட்டத்தில், சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் லயக் காம்பராக்களிலேயே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையையும் ஆவணக் காப்பகத்தையும் அமைத்தது. வேலைக் கருவிகள், வீட்டுப் பாத்திரங்கள், படங்கள், பத்திரங்கள் எல்லாம் அந்த மக்களின் வீடுகளிலிருந்து வந்தவை.

இந்தப் பத்திரங்களைச் சாதாரணமாக நினைக்க முடியாது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கை போட்டுப் பிரித்தது. எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அவ்வளவு காலமும் ஒரு பிறப்புச் சான்றிதழோ தோட்டத் துண்டோ தகரப்பெட்டிக்குள் பத்திரமாக இருந்ததா இல்லையா என்பதே ஒரு குடும்பத்தின் தலைவிதியைத் தீர்மானித்தது. அந்தக் கடதாசியை இன்று பூஞ்சணத்துக்குக் கொடுத்தால் சாட்சியத்தையே இழந்துவிடுவோம்.

லயத்தை நூதனசாலையாக்குவது பெக்டரியை மாற்றுவதைவிடக் கடினம். ஏறக்குறைய பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, தகரக் கூரை, சின்ன இஸ்தோப்பு. பத்துப் பேர் ஒன்றாக நுழைந்தால் மூச்சு முட்டும். நடுச்சுவர்களை உடைத்து ஒரே மண்டபமாக்கினால் பார்வையாளருக்கு வசதிதான். ஆனால் அங்கே பார்க்க வேண்டியதே அந்த நெருக்கம். ஒரு குடும்பம் சமைத்து, உறங்கி, பிள்ளை பெற்ற இடத்தின் அளவை எந்த விளக்கப் பலகையும் உணர்த்தாது. கண்ணாடிப் பெட்டிகளைக் குறைக்கலாம், ஆட்களைச் சிறு சிறு குழுவாக உள்ளே அனுப்பலாம், சுவரில் மட்டும் கைவைக்கக்கூடாது.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. லயங்களை அகற்றித் தனி வீடுகள் கட்டும் வேலை மெதுவாகவேனும் நடக்கிறது. அது நடந்தே ஆக வேண்டும். நூதனசாலை வேண்டும் என்பதற்காக யாரும் இன்னொரு மழைக்காலத்தை ஒழுகும் கூரையின் கீழ் கழிக்கத் தேவையில்லை. மக்கள் புதுவீட்டுக்குப் போன பிறகு, ஒவ்வொரு பிரதேசத்திலும் ஒரு லயத்தையாவது இடிக்காமல் விட்டுவைக்கலாம். எதை வைக்க வேண்டும், யார் பெயரை எழுத வேண்டும் என்பதை அங்கே வாழ்ந்தவர்களே தீர்மானிக்கட்டும். துரை பங்களாக்கள் பல விடுதிகளாகி நன்றாகத்தான் பராமரிக்கப்படுகின்றன. பெக்டரிக்கும் நூதனசாலை கிடைத்துவிட்டது. லயத்துக்கு மட்டும் புல்டோசர்தான் என்றால், தேயிலையின் வரலாற்றில் பாதியை நாமே இடித்தவர்களாவோம்.