காவிரிக் கரையிலிருந்து கப்பலேறிய சொற்கள்

நான் தஞ்சை மாவட்டத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பல்லாண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன். என் தந்தையார் ஆங்கிலம் அறியாதவர், ஆயினும் சர்க்கார் காகிதங்களில் நெல்லைக் குறிக்க ‘பேடி’ என்று அச்சிட்டிருப்பதைக் காணும்போதெல்லாம், “நெல் விளைவது நம் ஊரில், பெயர் மட்டும் எந்த ஊரிலிருந்து வந்தது?” என்று கேட்பார். அன்று எனக்கு விடை தெரியாது. அக்கேள்வியே பிற்காலத்தில் ஒரு பழைய அகராதியிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அந்த அகராதியின் பெயர் ‘ஹாப்சன்-ஜாப்சன்’. 1886-ல் லண்டனில் வெளிவந்தது. இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் தம் பேச்சில் கலந்துகொண்ட கீழ்நாட்டுச் சொற்களைத் திரட்டி, அவற்றின் பிறப்பையும் பயணத்தையும் ஆராய்வது. மொகரம் ஊர்வலத்தில் எழும் ‘யா ஹசன், யா ஹுசைன்’ என்னும் முழக்கம் வெள்ளைச் சிப்பாய்களின் காதில் சிதைந்து விழுந்ததே இவ்வேடிக்கைப் பெயராயிற்று. தொகுத்தவர் இருவர்: கர்னல் ஹென்றி யூல், ஆர்தர் கோக் பர்னெல். இவர்களுள் பர்னெல் நமக்கு அந்நியர் அல்லர். தஞ்சாவூரில் ஜில்லா நீதிபதியாக இருந்தவர். அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை வகுத்து 1880-ல் வெளியிட்டவர். பகலில் வழக்குகள், மற்ற வேளைகளில் ஓலைகள் என உழைத்துத் தம் உடலைக் கெடுத்துக்கொண்டார். 1882-ல், 42 வயதில் காலமானார். கடிதங்கள் வாயிலாகவே பெரும்பாலும் வளர்ந்த அந்த அகராதியை அச்சில் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. யூல்தான் முடித்து வெளியிட்டார்.

நம் பகுதி ஆங்கிலத்திற்கு அளித்த சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது ‘அனிகட்’. ‘அணைக்கட்டு’ என்பதே அது. கல்லணையைக் கண்ட வெள்ளைக்காரப் பொறியாளர்கள் அதைப் ‘பெரிய அனிகட்’ என்று எழுதினார்கள். அவர்களுக்கு அன்று ஒரு பெருங்கவலை இருந்தது. கொள்ளிடம் தாழ்ந்த மட்டத்தில் விரைந்து ஓடுவது. காவிரியின் தலைப்போ ஆண்டுதோறும் மணல் மேடிட்டு வந்தது. ஆகவே தண்ணீர் கொள்ளிடத்தில் புகுந்து வீணே கடலுக்குப் போக, தஞ்சை வயல்கள் வாடின. ஆர்தர் காட்டன் 1836-ல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டத் தொடங்கினார். ஆழங்காண முடியாத மணலின்மீது கட்டடம் எழுப்பும் வித்தையைப் பழந்தமிழர் செய்த வேலையிலிருந்தே கற்றதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். வித்தையைக் கொண்டவர் அதன் பெயரையும் கூடவே எடுத்துச் சென்றார். 1847-ல் கோதாவரியில், தவளேஸ்வரத்தில் தொடங்கிய வேலைக்கும் ‘அனிகட்’ என்றே பெயர். இன்று இலங்கையில் ஆங்கிலத்தில் எழுதும் பாசனப் பொறியாளர்கள் இச்சொல்லைத் தாராளமாக வழங்குகிறார்கள். ராஜஸ்தானத்துக் கிராமங்களில் ஓடையின் குறுக்கே எழுப்பும் சிறு தடுப்புச் சுவரையும் ‘எனிகட்’ என்றே அழைக்கிறார்கள். அது காவிரிக் கரைச் சொல் என்று அங்கே எத்தனை பேருக்குத் தெரியுமோ!

கொள்ளிடமும் ஆங்கிலேயர் வாயில் ‘கோலரூன்’ ஆயிற்று. நம் டகரம் ஐரோப்பியரின் செவியில் ரகரமாக விழுந்ததே காரணம் போலும். சோழமண்டலம் ‘கோரமண்டல்’ ஆனதும் ஏறக்குறைய இவ்வழியில்தான். சுருட்டு, மிளகுத்தண்ணீர், கட்டுமரம் முதலியவை எல்லாரும் அறிந்தவை. அவற்றை விரிக்கப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். சென்னை ராஜதானியில் வேலைபார்த்த வெள்ளைக்காரர்களுக்கு மற்ற ராஜதானியார் வைத்த கேலிப்பெயர் ‘மல்’. மிளகுத்தண்ணீரின் ஆங்கில வடிவில் தலையை மட்டும் வெட்டியெடுத்தது அது.

இனி, என் தந்தையாரின் கேள்வி. ‘பேடி’ என்பது மலாய் மொழியின் ‘பாடி’. கீழ்க்கடல் தீவுகளில் வாணிகம் செய்த கப்பல்காரர்கள் வழியே வந்து, நெற்களஞ்சியமான தஞ்சையின் கணக்கேடுகளிலும் ஏறிக்கொண்டது. சரி, ‘ரைஸ்’ என்பதாவது நம் ‘அரிசி’யல்லவா? நானும் பல ஆண்டுகள் வகுப்பில் அவ்வாறே பெருமையுடன் சொல்லிவந்தேன். ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் கிரேக்கத்து ‘ஒருஸா’. அதை அரிசியுடன் இணைக்கும் ஆசை கால்டுவெல் முதலிய அறிஞர்களுக்கும் இருந்தது. ஆனால், வடமொழி ‘வ்ரீஹி’யோடு உறவுடைய பழைய ஈரானியச் சொல் ஒன்றே கிரேக்கத்தை அடைந்தது என்பதே இன்று பலரும் ஏற்கும் கருத்து. முற்றும் தீராத வழக்கு இது. தீர்ப்பு வருமுன் சொத்தை நம் பெயருக்கு எழுதிக்கொள்வது முறையன்று. மேலும், நாம் கடன் வாங்காதவர்களா? ‘மிராசு’ அரபியிலிருந்து வந்தது; பரம்பரை உரிமை என்று பொருள். நிலமும் வரியும் பற்றிய நம் பேச்சில் பாதி, நவாபு காலத்துக் கச்சேரிகள் விட்டுச்சென்றது.

பெருமைப்பட முடியாத ஏற்றுமதியும் ஒன்று உண்டு. ‘பரையா’ என்ற ஆங்கிலச் சொல். விலக்கப்பட்டவன், எவரும் அண்டக் கூடாதவன் என்று அதற்குப் பொருள் கூறுகின்றன அகராதிகள். உலகம் ஒதுக்கிவைத்த நாட்டையும் பத்திரிகைகள் இச்சொல்லால் சுட்டுகின்றன. ஹாப்சன்-ஜாப்சனோ, தமிழ்நாட்டின் மிகப் பெரிய சமூகங்களுள் ஒன்றன் பெயர் அது என்றும், பறை என்னும் கருவியிலிருந்து பிறந்தது என்றும் விளக்குகிறது. சங்க இலக்கணத்தில் ஐந்திணைக்கும் தனித்தனியே பறை உண்டு. ‘பறைதல்’ என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் அன்றாடப் பேச்சு வழக்கு. பறையென்ற சொல்லில் இழிவு ஏதுமில்லை. மனிதரை ஊருக்கு வெளியே நிறுத்திவைத்தது நம் ஊர். கண்டவர்கள் கண்டபடி பொருள் எழுதிக்கொண்டார்கள். தஞ்சைப் பண்ணையாட்களுக்குச் சட்டப் பாதுகாப்பு என்று ஒன்று வந்ததே 1952-ல்தான்; கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீயில் மாண்டது அதற்கும் பின், 1968-ல்.

ஆசிரியப் பணியின் தொடக்க நாட்களில் ஒருமுறை பாடத்தில் அச்சொல் வந்தது. ‘தள்ளிவைக்கப்பட்டவன்’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றேன். கடைசிப் பெஞ்சில், வயல்வேலை செய்யும் குடும்பத்துப் பையன் ஒருவன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிற்பாடு, அச்சொல் வரும்போதெல்லாம் பறையிலிருந்தே தொடங்கினேன். அவனுக்கு மட்டும் சொல்ல வாய்க்கவில்லை. அவ்வாண்டு நடவு தொடங்கியதும் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான்.