படம் தெளிவாக ஒரு மெஷின் சாகணுமா?

90-களில் உங்க அண்ணனோ அக்காவோ கேசட் சொருகி ஆடின ‘வீடியோ கேம்’ பற்றிக் கேட்டிருப்பீங்க. நம்ம ஊருக்கு வந்த அந்தப் பெட்டிகளில் நிறைய, நின்டெண்டோவின் ஃபேமிகாமைப் பார்த்துக் காப்பி அடிச்சவை. இன்னைக்கு அந்த ஒரிஜினலோட படத்தைத் தெளிவாக்க ஆட்கள் என்னவெல்லாம் செஞ்சாங்கன்னு பார்ப்போம்.

ஃபேமிகாம் ஜப்பானில் வெளியானது 1983 ஜூலை 15. விலை 14,800 யென். டிவியோடு இணைக்க ஒரே வழி, ஆன்டெனா இணைப்பு. மெஷின் தன் படத்தை ஒரு டிவி சேனல் மாதிரி மாற்றி அனுப்பும். டிவி அதைத் திரும்பப் பிரிச்சுக் காட்டும். இந்தப் பயணத்திலேயே படம் கலங்கிடும்.

சேனலா மாறுறதுக்கு முன்னாடியே சிக்னலைப் பிடிச்சா? பலர் அதைத்தான் செஞ்சாங்க. ஒரு டிரான்சிஸ்டர், சில ரெசிஸ்டர், மஞ்சள் பின் சொருக ஒரு சாக்கெட், அவ்வளவுதான். படம் நல்லாவே மாறும். ஆனா அதுக்கும் ஒரு எல்லை உண்டு. ரிக்கோ நிறுவனம் தயாரிச்ச 2சி02 என்ற படச் சிப், நிறத்தையும் வெளிச்சத்தையும் தனக்குள்ளேயே ஒரே சிக்னலாகக் கலந்துடும். ரசத்தில் கரைச்ச புளியைத் திரும்ப உருண்டையா எடுக்க முடியுமா? சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியா வரும் கால் அந்தச் சிப்பில் கிடையவே கிடையாது.

ஆனா அதே குடும்பத்தில் இன்னொரு சிப் இருந்தது. நின்டெண்டோவின் பிளேசாய்ஸ்-10 ஆர்கேட் மெஷினில் இருந்த 2சி03, மூணு நிறத்தையும் தனித்தனியா தரும். ஆர்வலர்கள் அதன் 40 கால்களையும் ஈயம் உருக்கிக் கழற்றி, வீட்டு மெஷினில் வெச்சாங்க. படம் கத்தி மாதிரி கூர்மை! ஆனா ஒவ்வொரு முறையும் ஒரு ஆர்கேட் போர்டு பலி.

இன்னொரு சிக்கல். 2சி03-ன் வண்ணங்களே வேற. வீட்டுச் சிப்பில் சாம்பலாத் தெரிஞ்ச சில நிறங்கள் இதில் கறுப்பாயிடும். திரையை மங்கலாக்க ஒரு கேம் கொடுக்கும் கட்டளை, இங்கே திரையையே வெள்ளையாக்கிடும். தெளிவு கிடைச்சது, ஆனா அது அந்த கேமோட படம் இல்லை.

இதை மாத்தினது ஆஸ்திரேலியாவின் டிம் வொர்திங்டன் உருவாக்கிய ‘என்இஎஸ்ஆர்ஜிபி’ என்ற சின்ன போர்டு. பழைய சிப்பைத் தூக்கிப் போட வேண்டாம். அதைக் கழற்றி, போர்டை நடுவில் வெச்சு, அதே சிப்பை அதன் மேலேயே உட்கார வைக்கலாம். சிப் எந்தப் புள்ளிக்கு எந்த நிறத்தைத் தேர்ந்தெடுக்குதுன்னு போர்டு ஒட்டுக்கேட்கும்; அதை வெச்சு மூணு நிறத்தையும் தானே உருவாக்கித் தரும். ஆர்கேட் போர்டுகளும் பிழைச்சது.

அப்போ ‘சரியான’ நிறம் எது? அந்தக் காலத்தில் ஒவ்வொரு டிவியும் அந்தக் கலவையை ஒவ்வொரு மாதிரி பிரிச்சது. உங்க வீட்டு வானநீலமும் பக்கத்து வீட்டு வானநீலமும் ஒண்ணா இருந்திருக்காது. அதனாலதான் இந்த போர்டில் ஒண்ணுக்கு மேற்பட்ட வண்ணத் தொகுப்புகள் இருக்கு. எதை வைக்கணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.

எனக்கு இதில் பிடிச்சது ஒண்ணுதான். பழசை நல்லாக்க முதலில் இன்னொரு பழசை உடைச்சோம். அப்புறம்தான், இருக்குற சிப் என்ன சொல்லுதுன்னு காது கொடுத்துக் கேட்டோம். உங்க வீட்டுப் பரணில் ஒரு பழைய மெஷின் இருந்தா, ஸ்குரூ டிரைவரை எடுக்கும் முன்னாடி இதை ஒரு தடவை யோசிங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.