லயத்திலிருந்து ஏழு பேர்ச்சுக்கு: ஊவாவில் தற்காலிக வீடும் காணி உறுதியும்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டம் ஹல்துமுல்ல பிரதேச செயலகப் பிரிவிலுள்ள கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்தின் லயன்கள் மண்சரிவில் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானது என 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனாலும் மக்கள் அங்கேயே வாழ்ந்தார்கள். போவதற்கு அவர்களுக்கு வேறு காணி இருக்கவில்லை.

உயிர் தப்பியவர்கள் முதலில் பாடசாலைகளிலும், பின்னர் மக்கல்தெனியவில் கைவிடப்பட்டிருந்த தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கவைக்கப்பட்டனர். அவர்களுக்கான 75 வீடுகள் 2016இலேயே கையளிக்கப்பட்டன. இரண்டு ஆண்டுகள் அந்தத் தொழிற்சாலைத் தளமே அவர்களின் வீடாக இருந்தது.

வன்னியில் முகாமிலிருந்து திரும்பித் தகரக் கொட்டிலில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பு புதிதல்ல. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வன்னியில் பலர் திரும்பியது தமது சொந்தக் காணிக்கு. தோட்டத் தொழிலாளிக்கு அப்படியொரு காணியே இல்லை.

காணி யாருடையது?

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தின் மூலம் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. காணி அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, லயன் அறை தோட்டத்தினுடையது. ஆகவே புதிய வீடு கட்ட வேண்டுமானால் முதலில் தோட்டக் காணியில் ஒரு பகுதி விடுவிக்கப்பட வேண்டும். தாமதம் பெரும்பாலும் தொடங்குவது இங்கேதான்.

மலையக வீட்டுத்திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் வழங்குவது கொள்கையானது. பின்னர் 10 பேர்ச் என்ற வாக்குறுதியும் வந்தது. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. எனவே 7 பேர்ச் ஏறத்தாழ 1,906 சதுர அடி. ஓர் ஏக்கரில் 160 பேர்ச். வீடு, கழிப்பறை, பாதை போக மிஞ்சுவது சிறு துண்டுதான். லயத்தைச் சுற்றி மரக்கறி பயிரிட்டு, மாடு வளர்த்து வந்த குடும்பம் அந்த வருமானத்தையும் விட்டுவிட்டே வருகிறது.

கொட்டில் போடுமுன்

காணி கிடைத்ததும் தற்காலிகக் கொட்டில் போட்டுக் குடியேற நினைப்பது இயல்பு. மலைச்சரிவில் அதற்கு முன் கவனிக்க வேண்டியவை சில:

• தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய அறிக்கை அந்தக் காணிக்கு உண்டா எனப் பிரதேச செயலகத்திலோ கிராம உத்தியோகத்தரிடமோ கேளுங்கள். பதுளை போன்ற மாவட்டங்களில் கட்டடம் கட்ட இது தேவை.

• மண்மேட்டைச் செங்குத்தாக வெட்டி, அதன் அடியில் சுவரை ஒட்டிக் கொட்டில் போடாதீர்கள். மேட்டுக்கும் சுவருக்கும் இடையில் இடைவெளியும் கானும் வேண்டும்.

• கூரை நீரும் கழிவுநீரும் சரிவில் ஊறவிடப்படாமல் கான் வழியாக வெளியேற வேண்டும்.

• நிலத்தில் வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனக் கலங்கும் அல்லது வற்றும் ஊற்று ஆகியவை அபாய அறிகுறிகள். கண்டால் உடனே வெளியேறி அறிவியுங்கள்.

• 24 மணிநேர மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு நிலை. 100 தாண்டினால் வெளியேறத் தயார் நிலை. 150 தாண்டினால் வெளியேற வேண்டும்.

ஆவணம்

கொட்டில் வீடாக மாற வேண்டுமானால் ஆவணம் வேண்டும். வடக்கு, கிழக்கில் இந்திய வீட்டுத்திட்டத்தின்போது காணி ஆவணம் இல்லாத குடும்பங்கள் சிக்கலுக்குள்ளானதைப் பலர் அறிவார்கள். 1977, 1983 வன்செயல்களின்போது மலையகத்திலிருந்து வன்னிக்குச் சென்று காடு வெட்டிக் கழனியாக்கியவர்களும் அதே சிக்கலில் இருந்தார்கள். டொலர், கென்ற் பண்ணைகளில் குடியேறியவர்கள் 1984இல் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் உழைத்த நிலத்துக்கு அவர்களிடம் உறுதி இருக்கவில்லை.

எனவே வீட்டுச் சாவியுடன் நில அளவை வரைபடம், காணித்துண்டு இலக்கம், யாருடைய பெயரில் பதிவு என்பவற்றையும் கேட்டுப் பெறுங்கள். கணவன், மனைவி இருவரின் பெயரும் இடம்பெறுமா எனவும் கேளுங்கள். வழங்கப்படுவது உறுதியா, அனுமதிப்பத்திரமா என்பதை எழுத்தில் தெரிந்துகொள்ளுங்கள், இரண்டும் ஒன்றல்ல. வாய்மொழி வாக்குறுதி அடுத்த தோட்ட முகாமையாளர் வரும்வரைதான்.

பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபை 2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. தோட்டங்களில் பிரதேச சபைகள் பணிசெய்யத் தடையாக இருந்த சட்டமும் அதே ஆண்டில் திருத்தப்பட்டது. எனவே பாதை, நீர், கழிவகற்றலுக்குத் தோட்ட நிர்வாகத்தை மட்டும் நம்பியிருக்கத் தேவையில்லை. பிரதேச சபையிலும் எழுத்தில் விண்ணப்பிக்கலாம்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின் மண்சரிவுகள் பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் பல உயிர்களைக் காவுகொண்டன. இப்போதும் பல குடும்பங்கள் கேட்பது மீரியபெத்த மக்கள் கேட்டதைத்தான்: பாதுகாப்பான காணி எங்கே, எப்போது, யாருடைய பெயரில்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை தகரக் கொட்டில் தற்காலிகமானது என்று எவரும் உறுதிகூற முடியாது.