முறைப்பாட்டேட்டின் வழியே நுழைந்தோர்

கணனிச் சேவையிற் கோளாறு நேருமிடத்துப் பாவனையாளர் முறையிடுவதற்கும், பொறுப்பாளர் அதனைப் பதிந்து தீர்த்துவைப்பதற்கும் இணையவழி முறைப்பாட்டேடுகள் பயன்படுகின்றன. முன்பின் அறியாதவரும் இவற்றில் எழுதலாம். எழுதியதை உயர் அதிகாரம் படைத்தவரே திறந்து படித்தல் வேண்டும். இம்மென்பொருள்களின் பாதுகாப்புச் சிக்கல்களுட் பெரும்பாலானவை இவ்விரு நியதிகளிலிருந்தே பிறக்கின்றன எனலாம். 2010 ஏப்ரலில் அப்பாச்சி மென்பொருள் நிறுவகத்துக்கு நேர்ந்தது இதற்குத் தக்க சான்றாகும்.

இலாபநோக்கற்ற அந்நிறுவகம் தன் மென்பொருட் கோளாறுகளை ‘ஜிரா’ எனும் ஏட்டிற் பதிந்துவந்தது. ஏப்ரல் 5ஆம் நாள் அவ்வேட்டில் ஒரு முறைப்பாடு இடப்பட்டது. சில பக்கங்களைப் பார்க்கையில் வழு தோன்றுவதாகக் கூறிய அதனோடு, சுருக்கப்பட்ட இணைய முகவரியொன்றும் இருந்தது. நிருவாகிகள் சிலர் அதனைத் திறந்தனர். இதனைக் கவனயீனம் என்பது நியாயமாகாது. முறைப்பாட்டை ஆராய்வதே அவர்தம் கடமை. அம்முகவரியுள் மறைந்திருந்த கட்டளை, அவர்களது உலாவியிலிருந்த நுழைவு அடையாளத்தைக் கவர்வதற்கென அமைந்தது. இத்தகைய தாக்குதல் பற்றி அமெரிக்காவின் சேர்ட் நிலையம் 2000 பெப்ரவரியிலேயே எச்சரித்திருந்தது. பத்தாண்டுகளின் பின்னரும் அவ்வழி அடைபடவில்லை. அதேவேளை நுழைவுப் பக்கத்திற் கடவுச்சொற்கள் இலட்சக்கணக்கில் மாற்றிமாற்றிப் பரீட்சிக்கப்பட்டன. மறுநாள் இவ்விரு வழிகளுள் ஒன்று பலித்தது. நிருவாகி அதிகாரம் அந்நியர் கைக்குச் சென்றது.

அவர்கள் முதலில் ஒரு பிரிவின் மின்னஞ்சல் அறிவித்தல்களை நிறுத்தினர். பின்னர், முறைப்பாட்டுக்குச் சான்றாக இணைக்கப்படும் கோப்புகள் சேமிக்கப்படும் இடத்தை மாற்றி, நிரல்கள் இயங்கக்கூடிய இடமொன்றைக் குறித்தனர். இதன்பின் இணைப்பு என்ற பெயரில் நிரலே உள்நுழைந்தது.

ஏப்ரல் 9ஆம் நாள் நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் நுட்பமான பகுதி. நுழைவோரின் கடவுச்சொற்களைச் சேகரிக்கும் நிரலொன்றை நிறுவிய அத்துமீறியோர், நிருவாகிகளுக்குக் கடவுச்சொல் மீளமைப்பு மின்னஞ்சல்களை அனுப்புவித்தனர். ஏதோ சிறு வழுவெனக் கருதிய நிருவாகிகள் தற்காலிகக் கடவுச்சொல்லால் நுழைந்து, மீண்டும் தத்தம் பழைய கடவுச்சொல்லையே இட்டனர். அவற்றுளொன்று ‘புரூட்டஸ்’ எனும் வழங்கிக் கணனியிலும் முழு அதிகாரமுள்ள கணக்கொன்றைத் திறந்தது. நம்பியவரைக் குத்தியவனின் பெயரை அக்கணனிக்கு யார் சூட்டினரோ! ஜிரா இயங்கியதும் அக்கணனியிலேயே.

அங்கிருந்து ‘மைனோட்டோர்’ எனும் மற்றொரு பிரதான கணனியுள்ளும் அவர்கள் புகுந்தனர். ஆயினும் அதில் உயர் அதிகாரம் பெற ஒருமுறை மாத்திரமே செல்லுபடியாகும் கடவுச்சொல் தேவைப்பட்டது. சேகரித்த கடவுச்சொற்கள் அங்கு பயன்படவில்லை. இவ்வொழுங்கு புரூட்டஸிற் சீராகக் கைக்கொள்ளப்படாமையே தவறென, ஏப்ரல் 13ஆம் நாள் நிறுவகம் தானே வெளியிட்ட அறிக்கையில் மறைக்காது ஒப்புக்கொண்டது. தாக்குதலுக்குள்ளான ஓர் அமைப்பு தன் பிழைகளை நாள்வாரியாக இவ்வளவு விரைவில் எழுதிவைத்தமை அரிது. ஜிராவிற் கணக்கு வைத்திருந்தோர் தம் கடவுச்சொல்லை மாற்றுமாறும் அவ்வறிக்கையிற் கேட்கப்பட்டனர்.